விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு: விர்ச்சுவல்பாக்ஸில் விர்ச்சுவல் மெஷின் அமைக்க முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் பழகிப் பார்க்க ஆசை இருக்கிறது, ஆனால் ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்க வேண்டும், டூயல் பூட் போட வேண்டும் என்றதும் வயிற்றைக் கலக்குகிறது என்பவர்களுக்கு விர்ச்சுவல் மெஷின்தான் சரியான வழி. விண்டோஸ் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதில் ஒரு ஜன்னலுக்குள் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு பூட் ஆகும், பிடிக்கவில்லை என்றால் அந்த மெஷினை அழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

தொடங்கும் முன் இரண்டே சொற்கள். வெளியே இருக்கும் உங்கள் நிஜக் கம்ப்யூட்டர் ஹோஸ்ட். அதற்குள் ஓடுவது கெஸ்ட். இந்த வேலையில் மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் "இப்போது நான் கைவைப்பது ஹோஸ்டிலா, கெஸ்டிலா?" என்று கேட்டுக்கொள்ளாமல் விட்டவர்கள்தான். அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எந்த மென்பொருள்?

இந்த வழிகாட்டி விர்ச்சுவல்பாக்ஸை வைத்துத்தான். இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது, அடுத்த ஆண்டு சன் வாங்கியது, 2010-இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியதால் இப்போது ஆரக்கிள் கையில் இருக்கிறது. இலவசம், திறமூலம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். எக்ஸ்டென்ஷன் பேக் என்று கூடவே ஒன்று தருவார்கள், அதற்கு உரிமம் வேறு. சொந்த உபயோகத்துக்கு இலவசம், அலுவலகத்தில் போடுவதென்றால் நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் போடுங்கள். யுஎஸ்பி 3 வேண்டுமென்றால் இந்தப் பேக் வேண்டும் என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். 7.0 பதிப்பிலிருந்து அது அடிப்படைப் பொதியிலேயே வந்துவிட்டது, ஆகவே இப்போதைக்குப் பேக் பக்கமே போக வேண்டாம்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம், கிராஃபிக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸைவிட வழவழப்பாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் டவுன்லோட் செய்யவே பிராட்காம் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி, விண்டோஸ் ப்ரோ, எஜுகேஷன் போன்ற பதிப்புகளில் கூடவே வரும், ஹோம் பதிப்பில் கிடையாது. உங்கள் ஹோஸ்டே லினக்ஸ் என்றால் இதெல்லாம் எதற்கு, கேவிஎம் என்ற வசதி லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, மேலே விர்ட்-மேனேஜர் போட்டுக்கொண்டால் போதும். எம்1 முதலான ஆப்பிள் சிப் உள்ள மேக் என்றால் யூடிஎம் பாருங்கள். அங்கே ஏஆர்எம் சிப்புக்கான ஐஎஸ்ஓ கோப்புதான் (நிறுவல் வட்டு முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) வேண்டும், சாதாரண இன்டெல் ஐஎஸ்ஓவை எடுத்துக்கொண்டு போய் மல்லுக்கட்டாதீர்கள்.

படி 1: பிராசஸரின் சம்மதம்

ஒரே இயந்திரத்தில் பல ஆபரேட்டிங் சிஸ்டங்களை ஓட்டுவது புது வித்தை இல்லை. 1972-லேயே ஐபிஎம் தன் மெயின்பிரேம்களுக்கு விஎம்/370 கொண்டுவந்துவிட்டது. ஆனால் நம் மேஜைக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் எக்ஸ்86 பிராசஸர்கள் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. 2005-இல் இன்டெல் விடி-எக்ஸ் என்றும், அடுத்த ஆண்டு ஏஎம்டி தன் பங்குக்கு ஏஎம்டி-வி என்றும் சிப்புக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்த பிறகுதான் வேலை சுலபமானது. இப்போதைய விர்ச்சுவல்பாக்ஸ் அந்த வசதி இல்லாமல் ஓடவே ஓடாது. சிப்பில் வசதி இருந்தும் பல கம்ப்யூட்டர்களில் பயாஸில் (விண்டோஸ் பூட் ஆகும் முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அதுதான் சிக்கல்.

ஹோஸ்டில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்குங்கள். வரைபடத்துக்குக் கீழே 'விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்' என்று இருந்தால் அடுத்த படிக்குத் தாவிவிடலாம். 'டிசேபிள்ட்' என்றிருந்தால் பயாஸுக்குள் போக வேண்டும். செட்டிங்ஸில் ரெக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப், டிரபிள்ஷூட் என்று போய் 'யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்' கொடுத்தால், பூட் ஆகும்போது எஃப்2-வையும் டெலிட்டையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருக்கும் தொல்லை இல்லாமல் நேராக உள்ளே கொண்டுபோய் விடும். இன்டெல்லில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'விடி-எக்ஸ்', ஏஎம்டியில் 'எஸ்விஎம் மோட்' என்று இருக்கும். எந்த மெனுவுக்கு அடியில் ஒளித்திருப்பார்கள் என்பது மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும், சிபியு கான்ஃபிகரேஷன் என்ற இடத்தில் முதலில் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருந்தால், பயாஸில் எதையாவது மாற்றியபின் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கலாம். பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு நம்மைக் கேட்காமலே போடப்பட்டிருக்கும். கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து, எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் பயாஸைத் தொடுங்கள்.

படி 2: டவுன்லோட், நிறுவல்

விர்ச்சுவல்பாக்ஸை அதன் சொந்தத் தளத்திலிருந்து, உபுண்டுவை உபுண்டு தளத்திலிருந்து. வேறு எங்கிருந்தும் வேண்டாம். உபுண்டுவில் எல்டிஎஸ் என்று போட்டிருக்கும் பதிப்பை எடுங்கள். இங்கே நான் சொல்வது 24.04-ஐ, 2024 ஏப்ரலில் வந்தது, ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட் உண்டு. கோப்பு கிட்டத்தட்ட 6 ஜிபி இருக்கும். கம்ப்யூட்டர் கொஞ்சம் பழசு என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இதைவிட இலகுவானது, கீழே வரும் படிகள் அதற்கும் ஏறக்குறைய பொருந்தும்.

இவ்வளவு பெரிய கோப்பு பாதியில் கெட்டுப்போய் வந்திருக்க வாய்ப்பு உண்டு. நிறுவல் முக்கால்வாசி போய் மர்மமாக நின்றுபோனால் காரணம் பல நேரங்களில் இதுதான். தளத்திலேயே கோப்பின் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 எண் கொடுத்திருப்பார்கள். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் என்ற கட்டளையை ஐஎஸ்ஓ கோப்பின்மேல் ஓட்டி, வரும் எண் அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸை நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லை என்று நின்றால், அதை முதலில் போட்டுவிட்டு வாருங்கள். நடுவில் நெட்வொர்க் ஒரு கணம் துண்டிக்கப்படும் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும். அது ஹோஸ்டின் நெட்வொர்க்தான், மீட்டிங்கிலோ பெரிய டவுன்லோடிலோ இருந்தால் முடித்துவிட்டு 'யெஸ்' கொடுங்கள், மற்றபடி பயமில்லை.

படி 3: மெஷினை உருவாக்குதல்

'நியூ' பொத்தானை அழுத்தி, பெயர் கொடுத்து, ஐஎஸ்ஓ கோப்பைக் காட்டுங்கள். உடனே ஒரு நல்ல பிள்ளை வேலை செய்யும்: அன்அட்டெண்டட் இன்ஸ்டாலேஷன், அதாவது நாம் ஒன்றும் செய்யாமலே உபுண்டுவைத் தானே நிறுவிக்கொடுக்கிறேன் என்று முன்வரும். வேண்டாம். அதைத் தவிர்க்கும் டிக் பெட்டி அங்கேயே இருக்கும், வார்த்தைகள் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்றால், 'விபாக்ஸ்யூசர்' என்ற பெயரில் 'சேஞ்ச்மீ' என்ற பாஸ்வேர்டோடு ஒரு கணக்கு உருவாகும், அந்தக் கணக்குக்கு சுடோ உரிமை, அதாவது நிர்வாகி உரிமை இருக்காது, ஒரு சின்ன மென்பொருளைப் போடப் போனால்கூட "நீ யார்?" என்று கேட்கும்.

அடுத்து ராம். 8 ஜிபி இருக்கும் ஹோஸ்டில் கெஸ்டுக்கு 4 கொடுங்கள், 16 இருந்தால் 6 முதல் 8 வரை. அந்த ஸ்லைடரில் பச்சை, சிவப்பு என்று நிறம் காட்டுவார்கள், பச்சையைத் தாண்டவே தாண்டாதீர்கள். கெஸ்ட் மெதுவாக இருக்கிறதே என்று ராமை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் மறப்பது இதைத்தான்: கெஸ்டுக்குக் கொடுத்த ராம் ஹோஸ்டிடமிருந்து எடுத்தது. விண்டோஸுக்கே மூச்சு முட்டினால் அது டிஸ்க்கில் எழுதி எழுதிச் சமாளிக்கப் பார்க்கும், அப்புறம் உள்ளே இருப்பதும் நகராது, வெளியே இருப்பதும் நகராது. ஹோஸ்டுக்குத்தான் முதல் பந்தி.

சிபியு இரண்டு போதும். நிஜ கோர்களின் எண்ணிக்கையில் பாதிக்கு மேல் போக வேண்டாம்.

டிஸ்க் 25 ஜிபிதான் குறைந்தபட்சம் என்றாலும் 40 கொடுங்கள், பின்னால் பெரிதாக்குவது தலைவலி. 40 என்றதும் உடனே அவ்வளவு இடம் போய்விடாது. விடிஐ என்ற ஒரே கோப்பாகத்தான் இந்த டிஸ்க் உங்கள் ஹோஸ்டில் இருக்கும், உள்ளே எவ்வளவு எழுதப்படுகிறதோ அந்த அளவுக்கு வளரும். வளரும், ஆனால் தானாகச் சுருங்காது. கெஸ்டில் 10 ஜிபியை அழித்தாலும் விடிஐ அதே அளவில்தான் உட்கார்ந்திருக்கும். எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் இரண்டும் இருந்தால் மெஷினை எஸ்எஸ்டியில் வையுங்கள். வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இதில்தான்.

உருவாக்கியபின் ஸ்டார்ட் அழுத்தும் முன் செட்டிங்ஸில் டிஸ்ப்ளேக்குப் போய் வீடியோ மெமரியை 128 எம்பிக்கு ஏற்றுங்கள், கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் 'விஎம்எஸ்விஜிஏ' என்றே இருக்கட்டும்.

படி 4: உபுண்டுவை நிறுவுதல்

ஸ்டார்ட். கறுப்புத் திரையில் 'ட்ரை ஆர் இன்ஸ்டால் உபுண்டு' வரும், என்டர் தட்டுங்கள். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தால் வலது பக்க கண்ட்ரோல் கீயை ஒரு தட்டுத் தட்டினால் விடுபடும். இதுதான் ஹோஸ்ட் கீ, இதோடு எஃப் சேர்த்தால் முழுத்திரை, மறுபடியும் அதையே அழுத்தினால் பழையபடி. சில லேப்டாப்களில் வலது கண்ட்ரோலே இருக்காது, அவர்கள் விர்ச்சுவல்பாக்ஸ் ப்ரிஃபரன்ஸஸில் இன்புட் பகுதிக்குப் போய் வேறு கீயை முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது, முழுத்திரைக்குப் போனபிறகு தேடினால் வியர்க்கும்.

மொழி, கீபோர்டு, நெட்வொர்க் எல்லாம் இருப்பதை இருந்தபடியே விட்டுக்கொண்டு போகலாம். திரை சின்னதாக இருப்பதால் நிறுவி ஜன்னலின் அடிப்பகுதி வெளியே போய் 'நெக்ஸ்ட்' பொத்தானே தெரியாமல் போகலாம். ஆல்ட்+எஃப்7 அழுத்திவிட்டு அம்புக்குறிக் கீகளால் ஜன்னலை மேலே நகர்த்துங்கள், பொத்தான் வந்துவிடும்.

அப்புறம் வரும் அந்தப் பக்கம்: 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் உபுண்டு'. பலருக்கும் கை நடுங்குவது இங்கேதான். எந்த டிஸ்க்? கெஸ்டின் டிஸ்க். நீங்கள் படி 3-இல் உருவாக்கிய அந்த 40 ஜிபி விடிஐ கோப்பு, அவ்வளவுதான். உபுண்டுவுக்கு அதைத் தவிர வேறு டிஸ்க் இருப்பதே தெரியாது. சந்தேகம் இருந்தால் கடைசி உறுதிப்படுத்தும் பக்கத்தில் டிஸ்க்கின் பெயரைப் பாருங்கள், 'விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க்' என்ற மாதிரி இருக்கும், உங்கள் நிஜ டிஸ்க் நிறுவனத்தின் பெயர் இருக்காது. தைரியமாகக் கொடுங்கள். இதையே யுஎஸ்பி போட்டு நிஜக் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செய்தால் எல்லாம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள், பழக்கத்தில் அங்கேயும் இதே பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

முடிந்ததும் ரீஸ்டார்ட் கேட்கும். 'ரிமூவ் த இன்ஸ்டாலேஷன் மீடியம்' என்று சொல்லிக்கொண்டு நின்றால் என்டர் தட்டினால் போதும். மறுபடியும் நிறுவும் திரையே வந்தால், செட்டிங்ஸில் ஸ்டோரேஜுக்குப் போய் ஐஎஸ்ஓவைக் கழற்றிவிடுங்கள்.

படி 5: கெஸ்ட் அடிஷன்ஸ்

இப்போது உபுண்டு வந்துவிட்டது, ஆனால் திரை தபால்தலை அளவில் இருக்கும், காப்பி-பேஸ்ட் இரண்டு பக்கமும் போகாது. இதற்கான டிரைவர்களின் தொகுப்புதான் கெஸ்ட் அடிஷன்ஸ். பெயரிலேயே இருக்கிறது, இதைப் போட வேண்டியது கெஸ்டுக்குள்.

முதலில் கெஸ்டில் டெர்மினலைத் திறந்து அப்டேட்களை முடித்துவிட்டு, ஆப்ட் என்ற நிறுவல் கட்டளை வழியாக 'பில்ட்-எசென்ஷியல்' பேக்கேஜை நிறுவுங்கள். டிரைவர்கள் உங்கள் கெர்னலுக்கு ஏற்ப அங்கேயே கம்பைல் ஆகின்றன, அதற்கு அந்தப் பேக்கேஜில் வரும் ஜிசிசி, 'மேக்' (make) என்ற கருவிகள் வேண்டும். இந்த வரியைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் 'கெர்னல் மாட்யூல்ஸ் நாட் பில்ட்' என்ற ரகப் பிழை வருகிறது. அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் டிவைசஸ் மெனுவில் 'இன்சர்ட் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடி இமேஜ்' கொடுத்தால் உபுண்டுவின் இடது ஓரத்தில் ஒரு சிடி படம் முளைக்கும். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் 'ஆட்டோரன்' கோப்பை ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அ புரோகிராம்'. பாஸ்வேர்டு கேட்கும், முடிந்ததும் கெஸ்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கினால் உபுண்டுவும் கூடவே விரிய வேண்டும். விரிந்தால் வேலை முடிந்தது. ஹோஸ்டில் விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பை ஏற்றும்போதெல்லாம் இதையும் மறுபடி போட வேண்டும்.

டிவைசஸ் மெனுவிலேயே ஷேர்டு கிளிப்போர்டை 'பைடைரக்ஷனல்' ஆக்குங்கள். அப்படியும் காப்பி-பேஸ்ட் வேலை செய்யாவிட்டால் உபுண்டு திரையைக் காட்டப் பயன்படுத்தும் வேலேண்ட் என்ற முறை காரணமாக இருக்கலாம். லாக்இன் திரையில் உங்கள் பெயரைச் சொடுக்கியதும் வலது கீழ் மூலையில் ஒரு பல்சக்கரம் தெரியும், அதில் 'உபுண்டு ஆன் எக்ஸ்ஆர்க்' என்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்ப் பாருங்கள்.

ஷேர்டு ஃபோல்டர்தான் கொஞ்சம் வம்பு. ஹோஸ்டின் ஒரு ஃபோல்டரை செட்டிங்ஸில் சேர்த்து 'ஆட்டோ-மவுன்ட்' டிக் செய்தால் கெஸ்டில் அது தெரியும், ஆனால் திறந்தால் அனுமதி இல்லை என்று முகத்தில் அடிக்கும். உங்கள் கணக்கை 'விபாக்ஸ்எஸ்எஃப்' என்ற குழுவில் சேர்த்தால்தான் திறக்கும். யூசர்மாட் கட்டளையால் சேர்க்கும்போது சின்ன ஏ, பெரிய ஜி இரண்டையும் சேர்த்தே போடுங்கள். சின்ன ஏ விட்டுப்போனால் புதுக் குழுவில் சேரும் கையோடு, சுடோ உட்பட மற்ற எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டுவிடுவீர்கள். இன்னொன்று, ஷேர்டு ஃபோல்டரில் கெஸ்டிலிருந்து அழித்த கோப்பு ஹோஸ்டிலேயே அழியும். இது உள்ளேயும் வெளியேயும் ஒன்றாகும் இடம், முழு டிரைவையும் ஷேர் செய்யாமல் இதற்கென்று ஒரு காலி ஃபோல்டரை மட்டும் கொடுங்கள்.

படி 6: ஸ்னாப்ஷாட்

எல்லாம் சரியாக ஓடும் இந்தக் கணத்திலேயே, வேறு எதையும் நோண்டும் முன், ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். என்னைக் கேட்டால் விர்ச்சுவல் மெஷின் வைத்துக்கொள்வதே இதற்காகத்தான். எந்தக் கோப்பை அழித்தால் உபுண்டு பூட் ஆகாது என்று வேண்டுமென்றே அழித்துப் பார்க்கலாம், பார்த்துவிட்டு 'ரீஸ்டோர்' கொடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். நிஜக் கம்ப்யூட்டரில் இப்படி விளையாட மனசு வராது.

ஆனால் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. அது மூல விடிஐ கோப்பின்மேல் அடுக்கப்படும் வித்தியாசங்களின் பதிவுதான், மூலம் போனால் எல்லாம் போச்சு. டிஸ்க் நிரம்புகிறதே என்று ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டருக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழித்தாலும் அதே கதிதான். அழிப்பதென்றால் விர்ச்சுவல்பாக்ஸின் உள்ளிருந்தே அழியுங்கள். நிஜமான பேக்கப்புக்கு ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்' கொடுத்து ஓவிஏ கோப்பாக வேறு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள், அதை இன்னொரு கம்ப்யூட்டரிலும் திறக்கலாம்.

நெட்வொர்க்: சுருக்கமாக

தொடக்கத்தில் 'நாட்' (NAT) என்ற முறையில், அதாவது கெஸ்ட் ஹோஸ்டின் இணைப்பு வழியாகவே வெளியே போகும் முறையில் இருக்கும், இணையம் பார்க்க அதுவே போதும். கெஸ்டுக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும், வெளியிலிருந்து யாரும் அதை நேரடியாக எட்ட முடியாது. கெஸ்டில் ஒரு வெப் சர்வர் போட்டு ஹோஸ்டின் பிரவுசரில் பார்க்க வேண்டுமென்றால் போர்ட் ஃபார்வர்டிங் செய்யுங்கள், அல்லது 'ஹோஸ்ட்-ஒன்லி' அடாப்டர் ஒன்றைக் கூடுதலாகச் சேருங்கள். 'பிரிட்ஜ்டு' போட்டால் கெஸ்ட் உங்கள் ரவுட்டரிடமே தனி முகவரி வாங்கிக்கொண்டு இன்னொரு நிஜக் கம்ப்யூட்டர் போல நடந்துகொள்ளும், அலுவலக வைஃபை போன்ற இடங்களில் இது பல நேரம் மறுக்கப்படும்.

மெதுவாக இருக்கிறதா? ஆமையைத் தேடுங்கள்

ஓடும் மெஷினின் ஜன்னலில் கீழே வலது ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒரு பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே பிராசஸரின் விர்ச்சுவலைசேஷனைப் பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். நாம் ஹைப்பர்-வியைப் போடவே இல்லையே என்பீர்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் மெமரி இன்டக்ரிட்டி, இவை எல்லாமே அதைத்தான் பயன்படுத்துகின்றன. முதல் இரண்டும் தேவையில்லை என்றால் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்' போன்றவற்றின் டிக்கை எடுக்கலாம். மெமரி இன்டக்ரிட்டியை அணைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது ஹோஸ்டின் பாதுகாப்பு, கெஸ்டின் வேகத்துக்காக அதை விட்டுக்கொடுப்பது லாபமில்லாத பேரம்.

வேகம் எவ்வளவு சரிசெய்தாலும் புது கேம்களுக்கு இது ஆகாது. கிராஃபிக்ஸ் கார்டு முழுதாக உள்ளே போகாது, தவிர வேலரன்ட் மாதிரியானவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விர்ச்சுவல் மெஷினில் ஓடவே விடாது. கெஸ்டாக விண்டோஸ் 11 போடலாம், அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பை விர்ச்சுவல்பாக்ஸ் 7 போலியாக உருவாக்கிக் கொடுக்கும், ஆனால் அந்த விண்டோஸுக்கு உரிமம் தனியாக வேண்டும். மேக்ஓஎஸ் உரிமமோ ஆப்பிள் இயந்திரங்களின் மேல் மட்டுமே அதை ஓட்ட அனுமதிக்கிறது.

சந்தேகமான கோப்புகளைத் திறந்து பார்க்க விர்ச்சுவல் மெஷின் நல்ல இடம்தான், ஆனால் அதைச் செய்யும் முன் ஷேர்டு ஃபோல்டர், கிளிப்போர்டு, நெட்வொர்க் அடாப்டர் மூன்றையும் அணைத்துவிடுங்கள். நாட் முறையிலும்கூட கெஸ்டால் உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் மற்ற கருவிகளைத் தொட முடியும். சுவரும் ஓட்டையே இல்லாத சுவர் கிடையாது. 2015-இல் வெளிவந்த வெனம் என்ற குறைபாடு, யாரும் பயன்படுத்தாத ஃப்ளாப்பி டிரைவின் போலி வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்குத் தாவ வழி கொடுத்தது, அதில் விர்ச்சுவல்பாக்ஸும் அகப்பட்டது. ஆகவே ஹோஸ்டில் விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூடுவதும் அழிப்பதும்

ஜன்னலின் எக்ஸை அழுத்தினால் மூன்று வழிகள் காட்டும். 'சேவ்' என்றால் இருக்கும் நிலையிலேயே உறையும், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 'ஷட்டவுன் சிக்னல்' முறையாக அணைக்கச் சொல்லும். 'பவர் ஆஃப்' பிளக்கைப் பிடுங்குவதற்குச் சமம், கெஸ்ட் உறைந்துபோனால் மட்டும்.

மெஷினே வேண்டாம் என்றால் பட்டியலில் ரைட் கிளிக் செய்து 'ரிமூவ்'. அப்போது 'டிலீட் ஆல் ஃபைல்ஸ்' கொடுத்தால்தான் டிஸ்க்கில் இடம் திரும்பக் கிடைக்கும். வெறும் 'ரிமூவ்' என்றால் பட்டியலிலிருந்து பெயர் போகும், விடிஐ கோப்பு ஹோஸ்டில் அப்படியே கிடக்கும்.